அடைப்புக்குறிக்குள் படகுகள்

ஜெனரேட்டர் ஒரு தடவை திக்கியது. அது பழையபடி உறுமத் தொடங்கும் வரை டெல்பின் லேப்டாப்பின் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திக்கினால் திக்கட்டும், நிற்காமல் இருந்தால் போதும். இந்த லேப்டாப்பின் பேட்டரி செத்து ஒன்றரை வருடம் ஆகிறது, ஒயரில் கரண்டு நின்ற அடுத்த நொடி திரை இருண்டுவிடும், திரை இருண்டால் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் நின்றுவிடும், புரோகிராம் நின்றால் அதற்குள் இருக்கும் படகுகள் அத்தனையும் இல்லாமல் போய்விடும். படகுகள் இல்லை, படகுகளின் பெயர்கள், என்று அவள் தன்னைத் திருத்திக்கொண்டாள். படகுகள் பாட்டுக்குக் கொச்சியிலோ மங்களூரிலோ கார்வாரிலோ கட்டித்தான் கிடக்கும், பெயர் அழிந்தால் படகு முங்கிவிடுமா என்ன. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பங்குக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் இருநூறு பெண்களிடம் போய் இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது. இரண்டு நாள் புயல். ஊரிலிருந்து ஆழ்கடலுக்குப் போன விசைப்படகுகள் ஐம்பத்து மூன்று. கரை பிடித்தவர்கள் கிடைத்த துறைமுகத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்வார்கள், போன் வந்த வீட்டார் தங்கள் கைபேசியில் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து படகின் பெயரையும் ஆள் எண்ணிக்கையையும் இடத்தையும் போடுவார்கள், மண்டபம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்தைச் செய்தவள் டெல்பின். அவள் புருஷன் பென்சிகர் போன படகு ‘அலங்கார மாதா’. கடைசியாக அவள் பார்த்தபோது பட்டியலில் இருபத்தொன்பது படகுகள் இருந்தன, அதில் அலங்கார மாதா இல்லை. அது ஒரு மணி பத்துக்கு. இப்போது இரண்டரை.

காலையில் நோட்டுத்தான் வைத்திருந்தார்கள். நோட்டு கைமாறிக் கைமாறி மூன்று பேர் கண்ணீரும் ஒருத்தியின் கட்டன் சாயாவும் பட்டு, எது சேவியர் எது சகாயம் என்று தெரியாமல் போனபோது பங்குப்பேரவைச் செயலாளர் மார்சலின் அண்ணன்தான் அவளைக் கூட்டத்தில் கண்டுபிடித்தார். “பிள்ளே, நீ கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் செஞ்சு வச்சிருக்கேன்னு பென்சிகர் சொன்னானே, அத இங்க போட முடியுமா?” முடியாது என்று சொல்லியிருக்கலாம். நான் படித்தது நாலு பாடம், மொத்தம் பத்து, அரைக்கிணறுகூடத் தாண்டவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பென்சிகர் சொன்னானே என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வாய் ஆகட்டும் என்றுவிட்டது. அவன் இதை ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறானா, அவளிடம் ஒரு நல்ல சொல் சொன்னதில்லை. முதல் பாடம் படித்த அன்றைக்கு ஃபிளாஸ்க் என்று பெயரைச் சொன்னவுடன், “கடலுக்குச் சாயா கொண்டு போவமே, அதுவா?” என்று சிரித்தான். அது இல்லை, இது ஃபிரேம்வொர்க், வெப்சைட் செய்கிற சின்னச் சட்டம், பெரிய சாமானெல்லாம் வேண்டாம், ஐந்தே வரியில் ஒரு பக்கம் வந்துவிடும் என்று இவள் மூச்சு வாங்கச் சொல்லி, அவன் கைபேசியில் திறந்து காட்டினாள். ‘வணக்கம், பென்சிகர்’ என்று வந்தது. முகவரியின் கடைசியில் யார் பெயரைப் போட்டாலும் அந்தப் பெயருக்கு வணக்கம் சொல்லும், இரண்டாம் பாடம். அவன் தன் அம்மா பெயரைப் போட்டான், ரோணிக்கம்மாளுக்கு வணக்கம் வந்தது. தன் படகின் பெயரைப் போட்டான், அலங்கார மாதாவுக்கும் வணக்கம் வந்தது. ஐந்து வரிதான், பிறகு அதோடு ஒரு படிவம், ஒரு பட்டியல். பட்டியல் என்றால் என்ன, இரண்டு சதுர அடைப்புக்குறி, நடுவில் ஒன்றும் இல்லை. யாராவது ஒரு படகைப் போட்டால் அது அந்த அடைப்புக்குறிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காலை ஒன்பதரைக்கு அது வேலை செய்தபோது அவளுக்கே கண் கலங்கியது. மார்சலின் அண்ணன் முகவரியை, புள்ளியும் எண்ணுமாக, சார்ட் தாளில் மார்க்கரால் எழுதி மண்டபச் சுவரில் ஒட்டினார். பங்குத்தந்தை பங்களாவின் வைஃபையில் சேர்ந்துகொண்டு அந்த எண்ணைப் போட்டால் போதும். மைக்கில் வேறு சொன்னார், “இனி நோட்டு வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு” என்று.

பத்திரம். நல்ல சொல். மத்தியானம் பன்னிரண்டுக்கு வயசான ஒருவர் எழுத்து பொடியாக இருக்கிறது, கண் பிடிக்கவில்லை என்றார். அவ்வளவுதானே என்று புரோகிராமைத் திறந்து எழுத்தின் அளவைக் கூட்டி, சேமித்தாள். சேமித்தால் இது தானாக ஒரு முறை நின்று மறுபடி தொடங்கும், பாடத்தில் அதைப் பெரிய வசதி என்று போட்டிருந்தார்கள், வசதிதான், மறுபடி தொடங்கும்போது அடைப்புக்குறியும் புதிதாகத் தொடங்கும், நடுவில் ஒன்றும் இல்லாமல். அதுவரை சேர்ந்திருந்த பன்னிரண்டு படகுகளும் போய்விட்டன. எழுத்து மட்டும் நன்றாகப் பெரிதாகத் தெரிந்தது. மண்டபத்திலிருந்து வந்த சத்தத்தை அவள் சாகும் வரை மறக்கப்போவதில்லை. “இப்ப இருந்துதே, எங்க போச்சு, எனக்க பிள்ளைக்க படகு இப்ப இருந்துதே” என்று ஒருத்தி, அவளைத் தொடர்ந்து பத்துப் பேர். கணினியில் சின்னக் கோளாறு, எல்லாரும் மறுபடி போடுங்கள் என்று மார்சலின் அண்ணன் மைக்கில் கெஞ்ச, அவர்கள் மறுபடி போட்டார்கள். பன்னிரண்டும் திரும்பி வந்தது. பிறகு ஒரு மணி வாக்கில், பட்டன் போன் மட்டும் வைத்திருந்த ஒரு வீட்டாருக்காக இவளே ஒரு படகைப் போட்டாள், சரியாக விழுந்ததா என்று பார்க்கப் பக்கத்தைப் புதுப்பித்தாள், அது திரும்ப அனுப்பவா என்று என்னவோ கேட்டது, ஆமாம் என்றாள், ‘தூய யூதா’ இரண்டு தடவை விழுந்தது. அந்தப் பெயரில் ஊரில் இரண்டு படகு உண்டு. ஒன்று கரை பிடித்தது, மற்றது இன்னும் இல்லை. இவள் பட்டியலிலிருந்து ஒன்றை நீக்குவதற்குள் மற்ற தூய யூதாவின் வீட்டில் ஐந்து நிமிஷம் சந்தோஷப்பட்டார்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும், யாரிடம், கடவுளிடம்தான், அவர் சும்மா விடமாட்டார், என்னிடம் இருப்பதில் எதை எடுத்துக்கொள்வார், என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அது இப்போது எங்கே மிதக்கிறதோ. அன்றைக்கு, அன்றைக்கா, இன்றைக்குத்தானே, ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை, அப்போதிருந்து அவள் எதையும் தொடவில்லை. சேமிக்கவில்லை, புதுப்பிக்கவில்லை. மார்சலின் அண்ணன் அவள் உட்கார்ந்திருந்த பங்கு அலுவலகத்தின் கிரில் கதவைச் சாத்தி, அவளை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு டீசல் தேடப் போனார். அவள் தன் போனை மாமியாரிடம் கொடுத்திருந்தாள், அவன் கூப்பிட்டால் எடுக்க. அவன் கூப்பிட்டால்.

எப்படிச் சேமித்து வைப்பது என்பது ஐந்தாம் பாடம். அதுதான் வேடிக்கை. நாலாம் பாடத்தின் அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, இந்தப் பட்டியல் நிலையானதல்ல, புரோகிராம் நின்றால் அழிந்துவிடும், நிலையாக வைக்க அடுத்த பாடம் பார்க்கவும் என்று. அவளும் அடுத்த பாடத்தைத் திறந்தாள். திறந்த அன்றைக்குத்தான் அவன் கடலுக்குப் போகச் சாமான் கட்டிக்கொண்டிருந்தான், அரிசி, மிளகாய்ப்பொடி, மருந்து, ஒரு பாயைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடி, இவள் தலையைத் தூக்கவில்லை என்றதும், “இது படிச்சி நீ எங்க போவப் போற?” என்றான். சும்மா கேட்ட கேள்விதான், பாய் கிடைக்காத எரிச்சல்தான் என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. இவள் லேப்டாப்பை டப்பென்று மூடினாள். எங்க போவப் போறேனா, வீட்டிலிருந்தே செய்கிற வேலைக்குப் போவேன், ஒவ்வொரு காற்றுக்கும் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டு கிடக்கமாட்டேன், நீயும் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரு நாள் எனக்கு வரும் என்று சொல்ல நினைத்தாள். ஊமை கண்ட கனவாக அது வயிற்றுக்குள்ளேயே கிடந்தது. இரண்டு நாள் பேச்சில்லை, மூன்றாம் நாள் விடியலில் அவன் போனான், இவள் விழித்துத்தான் கிடந்தாள், தூங்குகிறவள் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு. அவன் கதவருகில் கொஞ்ச நேரம் நின்றான். நின்றது தெரிந்தது. திரும்பியிருக்கலாம். கழுத்தை இந்தப் பக்கம் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும், ஒரு நொடி, அந்த ஒரு நொடியை அவள் கொடுக்கவில்லை. இருபத்து மூன்று நாளாகிவிட்டது. ஐந்தாம் பாடத்தை அதன் பிறகு திறக்கவே இல்லை, திறந்தால் தான் ஜெயித்துவிட்டதாக ஆகிவிடும் என்றோ தோற்றுவிட்டதாக ஆகிவிடும் என்றோ, எது என்று இப்போது நினைவில்லை. வீம்புதான், வேறென்ன. அந்த வீம்புக்கு இன்றைக்கு ஊரே பலியாகி உட்கார்ந்திருக்கிறது.

திரையிலிருந்த கறுப்புச் சன்னலில் ஒரு வரி வந்தது. அந்தச் சன்னலில்தான் புரோகிராம் பேசும். யாராவது பக்கத்தைப் பார்த்தால் ஒரு மாதிரி வரி, யாராவது புதிதாக ஒரு படகைப் போட்டால் ‘போஸ்ட்’ என்று இன்னொரு மாதிரி வரி. யார் போட்டார்கள், எந்தப் படகு என்றெல்லாம் சொல்லாது, நேரத்தை மட்டும் சொல்லும். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது, ஆள் தெரியவில்லை என்கிற கதைதான். போஸ்ட். அவள் பக்கத்தில் இருந்த ஞானஸ்நானப் படிவத்தின் பின்புறத்தில் இன்னொரு கோடு போட்டாள். அதே தாளில்தான் திரையில் தெரிந்த இருபத்தொன்பது பெயரையும் முதலிலேயே எழுதி வைத்திருந்தாள், அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது. அதற்குக் கீழே கோடுகள். இத்தோடு பதினேழு. இருபத்தொன்பதும் பதினேழும் நாற்பத்தாறு. நாற்பத்தாறு படகு கரை பிடித்தாயிற்று, ஏழு இல்லை. பதினேழு கோட்டில் ஒன்று அலங்கார மாதாவாக இருக்கலாம். இருக்கலாம் என்ற சொல்லை அவள் வாய்க்குள் வைத்துக் கரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைப் புதுப்பித்தால் தெரிந்துவிடும், ஒரு விரலை ஒரு தடவை அமுக்கினால் போதும். மறுபடி ஒரு படகு இரண்டாக விழுந்துவிடும் என்பதால்தான் அமுக்கவில்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பொய். பாதி பொய். புதுப்பித்துப் பார்த்து அது அங்கே இல்லை என்றால் பிறகு இருப்பது ஏழு படகுதான், அந்த ஏழில் ஒன்று அவளுடையது என்று ஆகிவிடும். பார்க்காத வரைக்கும் அவன் அந்தப் பதினேழு கோட்டுக்குள் எங்கேயோ தலை துவட்டிக்கொண்டு நிற்கிறான், ஐந்தாவது கோட்டில், இல்லை, பதினொன்றாவதில், அது கொஞ்சம் சாய்ந்து விழுந்திருக்கிறது, அவன் நிற்கிற மாதிரி. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். நான் மூடிக்கொண்டால் வெளிச்சமாக இருக்கிறது என்று நினைக்கிறேன், பூனையை விடப் பெரிய மடச்சி.

நடுவில், இரண்டு மணி வாக்கில் இருக்கும், மாமியார் சன்னலுக்கு வந்திருந்தாள். கம்பிக்கு வெளியே ரோணிக்கம்மாளின் முகம், சேலைத் தலைப்பால் மூக்கையும் கண்ணையும் ஒன்றாகத் துடைத்துக்கொண்டு. கண்ணாடி மூடியிருந்தது, ஜெனரேட்டர் வேறு சுவரை ஒட்டிப் போட்ட இரைச்சலில் அவள் சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. டெல்பினின் போனைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். ஒரு கையில் போன், ஒரு கையில் செபமாலை. போன் வரவில்லை என்கிறாள், செபம் செய் என்கிறாள். டெல்பின் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த முகத்தைப் பார்த்தால் எழுந்து ஓடிவிடுவோம், ஓடினால் காலில் ஒயர் தட்டும், ஒயர் தட்டினால் நாற்பது வீட்டுப் படகு போய்விடும், அவளுக்கு அந்த ஒயரைத் தவிர உலகத்தில் எதுவும் தெரியவில்லை. நிமிர்ந்தபோது மாமியார் இல்லை. கோயில் பக்கம் போகிற முதுகு மட்டும் தெரிந்தது. பிள்ளையைப் பெற்றவள், இவளைவிட முப்பது வருடம் கூட அவனைத் தெரிந்தவள், அவளை ஒரு வார்த்தை உள்ளே கூப்பிடவில்லை. இதற்கும் பதில் சொல்ல வேண்டும். கணக்கு நீண்டுகொண்டே போகிறது. போன் வரவில்லை. ஏன் வரும், யாருக்கு வரும், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளுக்கா வரும். அவன் கூப்பிட்டால் என்ன சொல்லலாம் என்று யோசித்தாள், பாய் கிடைத்துவிட்டது என்று சொல்லலாம், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தது, அவன் போன நாலாம் நாள் பெருக்கும்போது கிடைத்தது. அப்படியென்றால் அவன் பாய் இல்லாமல்தான் போனான். தளத்தில் வெறும் பலகையில் படுத்திருப்பான். இரண்டு நாளாகப் படுக்கவே முடிந்திருக்காது. ஜெனரேட்டர் மறுபடி திக்கியது, இந்த முறை இரண்டு தடவை, விளக்கு மஞ்சளாகிப் பிறகு வெளுத்தது. மாதாவே நிற்க வைக்காதே, இன்னும் கொஞ்ச நேரம், எனக்காக இல்லை, எனக்காகவும்தான்.

கிரில் கதவு திறந்தது. மார்சலின் அண்ணன் தலையோடு நனைந்து கையில் கன்னாசு கேனோடு நின்றார், டீசல் மணம் அவருக்கு முன்னால் அறைக்குள் வந்தது. “கிட்டிச்சு பிள்ளே, பத்து லிட்டர். இனி ராத்திரி வரைக்கும் ஓடும்.” கன்னாசை வெளியே நின்ற ஆளிடம் கொடுத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். “நீ என்ன இன்னும் இப்படி வெளிறிப் போய் இருக்க? இப்பவாவது ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிருக்கலாமே.”

“எப்படிண்ணே குடிக்க?” என்றாள். தன் குரல் தனக்கே யாருடையதோ போல இருந்தது. “அலங்கார மாதா இன்னும் வரலியே.”

அவர் உள்ளே வந்தார். “எது வரல?”

“அலங்கார மாதா.”

“எனக்க மாதாவே” என்று அவர் தலையில் கையை வைத்தார். “அது வந்து ஒரு மணிக்கூறு ஆவுது. மால்பேயில கெடக்கு. ஒனக்க மாமியா வந்து சொல்லலியா? அவளுக்குல்லா போன் வந்துது. மண்டபம் பூரா பாத்தாச்சு. நீ அறியலியா? லிஸ்டு ஒனக்க கையிலல்லா இருக்கு, ஒனக்குத்தான் மொதல்ல தெரிஞ்சிருக்கும்னு நாங்க யாரும் சொல்ல வரல.”

அவர் தன் கைபேசியை நீட்டினார். நனைந்த திரையை வேட்டியில் துடைத்துத் துடைத்து அவர் காட்டிய இடத்தில், அவளே கூட்டி வைத்த பெரிய எழுத்தில், முப்பத்து நாலாவது வரி. அலங்கார மாதா. பதினோரு பேர். மால்பே. ஒன்று நாற்பது. அதற்கப்புறம் குறிப்பு என்றொரு கட்டம், யாரும் நிரப்பமாட்டார்கள் என்று நினைத்துத்தான் அவள் அதை வைத்திருந்தாள். மாமியார் சொல்லச் சொல்ல மண்டபத்தில் எவளோ ஒருத்தி அப்படியே அடித்துவிட்டிருக்கிறாள். ‘எல்லாரும் சுகம். பென்சிகர் போன் கடல்ல போச்சு. டெல்பின்கிட்ட படிப்ப விடாண்டாம்னு சொல்லச் சொன்னான்.’ டெல்பின் அதை மூன்று முறை வாசித்தாள். ஐந்தாவது கோடு. அவன் ஐந்தாவது கோட்டில்தான் இருந்திருக்கிறான், சாய்ந்த கோட்டில் இல்லை. இருநூறு பெண்கள் இதை வாசித்திருக்கிறார்கள், அவள் வீட்டுச் சண்டை ஊர் முழுக்கத் தெரிந்தாயிற்று, கடைசியாகத் தெரிந்துகொண்டவள் அவள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் இடையில் விக்கல்தான் வந்தது. சன்னலுக்கு வெளியே போனைத் தூக்கித் தூக்கிக் காட்டிய கிழவி இந்தா பார், இந்தா பார் என்றுதான் காட்டியிருக்கிறாள். குனிந்த தலையைப் பார்த்து, மருமகளுக்குத் தெரிந்துவிட்டது, நன்றி சொல்கிறாள் என்று நினைத்து மெழுகுதிரி ஏற்றப் போயிருக்கிறாள்.

“அண்ணே, ஒரு காரியம் சொல்லணும்” என்றாள் விக்கலோடு. “இந்த லிஸ்டு பத்திரமா இல்ல. கரண்டு நின்னா போயிரும். காலையிலேயே சொல்லியிருக்கணும், பேடியில சொல்லல.” மார்சலின் அண்ணன் திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் மேசை இழுப்பறையிலிருந்து, காலையில் ஓரங்கட்டிய அதே நோட்டை எடுத்து அவள் முன்னால் போட்டார். “எழுது” என்றார், “நான் வாசிக்கேன்.” வேண்டாம், நானே பார்க்கிறேன் என்று அவள் புதிதாக ஒரு பக்கம் திறந்து முகவரியைக் கையால் அடித்தாள். ஒன்றும் இரட்டிக்கவில்லை. பழைய பக்கத்தைப் புதுப்பித்தால்தான் இரட்டிக்கும், புதிதாகத் திறந்தால் இல்லை, இது மூன்றாம் பாடத்திலேயே இருந்தது, பயத்தில் மூளை அந்தப் பாடத்தையும் தின்றுவிட்டிருக்கிறது. இருபத்தொன்பது பெயர் இருந்த படிவத்தை நோட்டுக்குள் செருகிவிட்டு, முப்பது, முப்பத்தொன்று என்று வரிசையாக எழுதினாள். முப்பத்து நாலை மற்றதைப் போலவேதான் எழுதினாள், ‘பதினோரு பேர்’ மட்டும் கொஞ்சம் கோணிவிட்டது. நாற்பத்தாறு வரை எழுதி நிமிரவும் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற நிறுத்தப்போகிறோம் என்று வெளியே குரல் கேட்டது. நிறுத்தட்டும் என்று சொல்ல வாயெடுத்தவள் கறுப்புச் சன்னலைப் பார்த்தாள். போஸ்ட். உடனே பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ‘தூய யூதா’, எட்டுப் பேர், பேப்பூர். மற்ற தூய யூதா. ஐந்து நிமிஷம் சந்தோஷப்பட்டுப் பிறகு வாயடைத்துப் போன வீடு, கிளாடிஸ் அக்காவின் வீடு. அவள் அதற்கப்புறம் கைபேசியைப் பார்க்கவே மாட்டேன் என்று சொல்லிக் கோயில் பீடத்தடியில் போய்க் குப்புற விழுந்து கிடக்கிறாள் என்று டீசல் தேடப் போகும் முன் மார்சலின் அண்ணன் சொல்லியிருந்தார். டெல்பின் நாற்பத்தேழு என்று நோட்டில் எழுதினாள். விளக்கு அணைந்தது, திரை அணைந்தது, அடைப்புக்குறி காலியானது. அவள் நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மண்டபத்தில் இருநூறு பேர் பார்த்திருப்பார்கள், இந்நேரம் யாராவது போய்ச் சொல்லியிருப்பார்கள், கிளாடிஸ் அக்காவுக்கு எப்படியும் தெரிந்திருக்கும். தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டு, காலில் தட்டிய ஒயரைத் தாண்டி, மழைக்குள் கோயிலைப் பார்த்து ஓடினாள்.